ஒப்பம் வைத்தவர் எல்லாம் குற்றவாளியா?

"என்ர பிள்ளை ஒப்பம் வைச்சிட்டானாம் ஐயா. இனி ஒண்டும் செய்யேலாதாம்." சுற்றிவளைப்புக் காலங்களில் தடுப்பு முகாம் வாசல்களில் காத்துநின்ற தாய்மார் பலர் இப்படிச் சொல்லி அழுதார்கள். அந்த ஒப்பம் எந்தக் கடதாசியில், எந்த மொழியில், யார் முன்னால், என்ன நிலையில் வைக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைக்கும் பல வேளைகளில் தெரியாது. ஆனால் "ஒப்பம் வைச்சாச்சு" என்ற சொல்லைக் கேட்டதுமே வழக்கு முடிந்துவிட்டது போன்ற ஓர் எண்ணம் எங்களிடையே பரவிவிட்டது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இடம்பெயர்ந்த மக்களின் வாழ்க்கையே ஒப்பத்தில்தான் ஓடியது. நிவாரண அரிசி எடுக்க ஒப்பம், பாஸ் எடுக்க ஒப்பம், தறப்பாள் வாங்க ஒப்பம், மீள்குடியேற்றப் படிவத்திலும் ஒப்பம். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். பின்னால் வரிசை நீண்டு நிற்கும்போது எவர் வாசித்துப் பார்த்தார்? அரிசிப் பதிவேட்டில் வாசியாமல் வைத்த கைநாட்டினால் அதிகம் போனால் ஒரு கிலோ அரிசி குறையும். குற்ற ஒப்புதல் என்ற கடதாசியில் வைத்த கைநாட்டினால் ஒரு மனிதனின் வாழ்நாளில் பாதி போய்விடும். அப்படிப் போன ஒருவருடைய வழக்கை இக்கட்டுரையில் பார்ப்போம். அதற்கு முன்னர் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய சட்டம் ஏன் பொலிசை நம்பவில்லை?

இலங்கை நீதிமன்றங்களில் எது சான்று, எது சான்றல்ல என்பதைச் சொல்வது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். அதன் 24ஆம், 25ஆம், 26ஆம் பிரிவுகள் ஏழை எளியவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. பயமுறுத்தியோ ஆசை காட்டியோ வாக்குறுதி கொடுத்தோ பெற்ற குற்ற ஒப்புதல் செல்லாது என்கிறது 24ஆம் பிரிவு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை, சொன்னவருக்கு எதிராகக் காட்டக்கூடாது என்கிறது 25ஆம் பிரிவு. இதில் அடித்தார்களா அடிக்கவில்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. பொலிசிடம் சொன்னது என்றாலே விலக்கு. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு எவரிடம் ஒப்புக்கொண்டாலும், பக்கத்தில் ஒரு நீதவான் இருந்தாலொழிய அதுவும் செல்லாது என்பது 26ஆம் பிரிவு. காவலில் இருப்பவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுக்கலாம் என்று 27ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. மற்றப்படி, ஒருவர் உண்மையிலேயே மனம் வருந்தி ஒப்புக்கொள்ள விரும்பினால், அவர் அதை நீதவானிடம் சொல்ல வேண்டும். நீதவானும் அவர் தன் விருப்பத்தோடுதான் சொல்கிறாரா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

இதை எழுதியவர்கள் பொலிசின் எதிரிகள் அல்லர். எங்கள் சட்டத்துக்கு அடிப்படையாக இருந்தது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம். அதை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர். சித்திரவதை ஏன் நடக்கிறது என்பதற்கு இந்தியாவில் பணியாற்றிய ஓர் அதிகாரி சொன்ன காரணத்தை அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அதிகாரி சொன்னதன் சாரம், கொடுமைக் குணம் மட்டும் காரணமல்ல, சோம்பலும் பெரிய காரணம் என்பதாகும். வெயிலில் அலைந்து தடயம் தேடுவது கஷ்டமான வேலை. அகப்பட்டவனின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பதற்கு நிழலே போதும். ஆகவே பொலிசிடம் சொன்ன ஒப்புதலுக்குப் பெறுமதி இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டால், அதைப் பெறுவதற்காக வருத்த வேண்டிய தேவையும் இல்லாமற் போகும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். வெறும் உபதேசத்தால் மாறாததை இலாபத்தை நிறுத்தி மாற்றப் பார்த்தார்கள்.

பாரம் யார் தலையில்?

வயலுக்குள் மாடு இறங்கி வேளாண்மையை அழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயற்காரர் விதானையாரிடம் போய் "இது இன்னாருடைய மாடு" என்கிறார். விதானையார் என்ன கேட்பார்? "மாட்டைக் கண்டது யார்? குறி என்ன? எந்தப் பக்கத்தால் வந்தது?" என்று வயற்காரரைத்தான் கேட்பார். "உன் மாடு இல்லையென்று நீ காட்டு, இல்லாவிட்டால் நட்டத்தைக் கட்டு" என்று மாட்டுக்காரரை முதலில் மடக்கினால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? குற்றம் சொன்னவர்தான் அதைக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்களில் எவரும் படிப்பிக்காமலே தெரிந்த நியாயம் இது.

நாட்டின் அரசியலமைப்பிலும் இதே நியாயம் இருக்கிறது. குற்றவாளி என்று காணப்படும்வரை எவரும் சுற்றவாளி என்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது 13(5)ஆம் உறுப்புரை. ஆனால் அதே உறுப்புரையில் ஒரு வால் தொங்குகிறது. குறிப்பிட்ட சில விடயங்களை எண்பிக்கும் பாரத்தை ஒரு சட்டத்தின் மூலம் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது சுமத்தலாம் என்பது அது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் நாம் எல்லோரும் அறிந்த பயங்கரவாதத் தடைச் சட்டம்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமான இது, மூன்று வருடங்களுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்திலுள்ளவர் முன்னிலையில் செய்யப்பட்ட குற்ற ஒப்புதல் செல்லும் என்றது. தோளில் இருக்கும் பட்டி உயர்ந்ததாக இருந்தால் பழைய பயம் நீங்கிவிடும் என்ற எண்ணம்போலும். அடித்துத்தான் வாங்கினார்கள் என்றால் அது இன்னும் செல்லாதுதான். ஆனால் அடித்ததை எண்பிப்பது அடிபட்டவரின் பொறுப்பு என்று அதே பிரிவு சொல்லிவிட்டது. மாட்டுக்காரரை முதலில் மடக்குவது என்பது இதுதான். அவசரகால ஒழுங்குவிதிகளிலும் இதேபோன்ற ஏற்பாடு இருந்தது. அவசரகால நிலை 2011 ஓகஸ்டில் முடிவுக்கு வந்தபோதும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இந்தப் பிரிவு அப்படியே இருந்தது.

கொம்மாதுறையிலிருந்து ஜெனீவா வரை

1993 ஜூலை 16. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு சுற்றிவளைப்பு. ஏறக்குறைய 150 தமிழ் ஆண்கள் அன்று பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் நல்லரத்தினம் சிங்கராசா. வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவர். ஏன் பிடிக்கிறோம் என்று எவருக்கும் சொல்லப்படவில்லை. கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கைகளைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டு அடித்தார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. பின்னர் பொலிசிடம் கையளிக்கப்பட்டு, தடுப்புக் கட்டளையின் கீழ் வைக்கப்பட்டார். கண்ணைக் கட்டியும், தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியும், அரைகுறைத் தமிழில் கேள்வி கேட்டார்கள் என்றும் அவர் பின்னர் சொன்னார்.

1993 டிசம்பர் 11ஆம் திகதி, பிடிபட்டு ஏறக்குறைய ஐந்து மாதங்களின் பின்னர், ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னால் நிறுத்தப்பட்டார். அவர் தமிழில் சொன்னதைப் பொலிஸ் கொன்ஸ்தாபல் ஒருவர் மொழிபெயர்த்தார். அதே கொன்ஸ்தாபல்தான் அதைச் சிங்களத்தில் தட்டச்சும் செய்தார். வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் இல்லை. சட்டத்தரணி இல்லை. விளங்காத கடதாசியில் ஒப்பம் வைக்கமாட்டேன் என்று தான் மறுத்ததாகவும், தன் பெருவிரலைப் பிடித்து வலுக்கட்டாயமாக அதில் பதித்ததாகவும் சிங்கராசா சொன்னார்.

1994 செப்டெம்பரில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய முகாம்கள்மீது நடந்த தாக்குதல்களில் பங்குகொண்டார் என்பவை அதில் இருந்த குற்றச்சாட்டுகளில் சில. இவற்றைக் கண்ட சாட்சி எவரும் மன்றுக்கு வரவில்லை. இருந்தது அந்தக் கடதாசி ஒன்றுதான். 1995 ஒக்டோபரில் மேல் நீதிமன்றம் அவருக்கு 50 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீடு விசாரிக்கப்பட்டு முடிய 1999 ஜூலை ஆகியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து, தண்டனையை 35 வருடங்களாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் விசேட அனுமதியை மறுத்தது.

ஒரு வேளாண்மைக்காரனின் கணக்கில் 35 வருடம் என்றால் எத்தனை போகம்? பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் செய்கிறவருக்கு எழுபது விளைச்சல். இத்தனையும் ஒரு கடதாசிக்காக.

"ஏன் நீதவானிடம் சொல்லவில்லை?"

இந்த வழக்கில் என் மனதை அதிகம் வருத்துவது அடி பற்றிய பகுதி அல்ல. அடி பற்றி எங்கள் மக்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீதிமன்றம் அந்த அடியை எப்படிப் பார்த்தது என்பதுதான்.

மருத்துவ அறிக்கை ஒன்று மன்றின் முன் இருந்தது. முதுகில் தழும்புகள் இருப்பதாகவும், இடது கண்ணின் கருவிழியில் தழும்பு ஏற்பட்டுப் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருப்பதாகவும் அது கூறியது. மொட்டையான ஆயுதத்தால் ஏற்பட்ட காயம், கூரிய ஒன்றால் ஏற்பட்டிருக்கக்கூடிய காயம் என்று தனித்தனியாகவும் சொல்லியது. அப்படியிருந்தும் குற்ற ஒப்புதல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எண்பிக்கும் பாரம் அவருடையது, அதை அவர் நிறைவேற்றவில்லை என்பது மன்றின் முடிவு. அடித்திருந்தால் நீதவான் முன் கொண்டுவரப்பட்டபோது ஏன் முறைப்பாடு செய்யவில்லை என்பதும் அவருக்கு எதிராகப் பார்க்கப்பட்டது.

இந்தக் கேள்வியைச் சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். நீதவான் முன் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் யார்? கூட்டிக்கொண்டு வந்த அதே ஆட்கள். அங்கே வாய் திறந்துவிட்டு, அன்று பின்னேரம் அவர் போய்ப் படுக்கும் இடம் எது? அதே இடம். முகாமில் உணவுப் பங்கீட்டில் குறை வந்தால்கூட, பங்கிடுகிறவர் பக்கத்தில் நிற்கும்போது நாங்கள் வாய் திறப்பதில்லை. நாளைக்கும் அவரிடம்தானே கோப்பையை நீட்ட வேண்டும். பாதுகாப்பான வீட்டில் இருந்து வருகிற ஒருவருக்கு "ஏன் அன்றே சொல்லவில்லை" என்பது சாதாரணக் கேள்வி. காவலில் இருப்பவருக்கு அதுவே இன்னொரு பொறி. மௌனத்தைச் சம்மதமாக எடுப்பது, பேச முடிந்தவன் பேசாமல் இருந்தபோது மட்டும்தான் நியாயமாகும்.

மொழியும் அப்படித்தான். சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வடக்கு கிழக்கில் நீதிமன்றங்கள் தமிழில் நடக்கலாம். ஆனால் வழக்கின் உயிர் இருந்த அந்தக் கடதாசி, சொன்னவரால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது. கேள்வி கேட்கும் தரப்பைச் சேர்ந்தவரே மொழிபெயர்ப்பாளராக இருந்தால், "நான் அதைச் சொல்லவில்லை" என்பதற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்?

உள்நாட்டில் கதவு மூடியபின் சிங்கராசாவின் முறைப்பாடு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவுக்குப் போனது. நாட்டுக்குள் எல்லா வழியும் பார்த்துவிட்ட ஒருவர் அங்கே முறையிடலாம் என்ற ஏற்பாட்டில் இலங்கை 1997இல் சேர்ந்திருந்தது. 2004 ஜூலையில் குழு தன் கருத்தைச் சொன்னது. ஒப்புதல் சுயவிருப்பத்துடன் பெறப்பட்டது என்று காட்ட வேண்டியது அரச தரப்பு. அடித்தார்கள் என்று காட்டும்படி அடிபட்டவரைக் கேட்பது நியாயமான விசாரணை ஆகாது என்பது அதன் சாரம். மேன்முறையீட்டுக்கு எடுத்த நீண்ட காலத்தையும் குழு குறையாகக் கண்டது. அவரை விடுதலை செய்யுங்கள் அல்லது மறுபடி விசாரியுங்கள், இழப்பீடும் கொடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டது.

அதை எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2006 செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐந்து நீதியரசர்கள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். 1997இல் அந்த ஏற்பாட்டில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே குழுவின் கருத்துக்கு இந்நாட்டில் வலு இல்லை என்றார்கள். பெருவிரல் எப்படிப் பதிந்தது என்ற கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குண்டுவெடிப்புகளில் இறந்தவர்களுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த குண்டால் தகப்பனை, தாயை இழந்தவர்கள் நீதி கேட்பது நியாயம். சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள், வேறு வழியில் எண்பிக்க முடியாது என்று பொலிசார் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அடித்து வாங்கிய ஒப்பத்தால் அந்தக் குடும்பங்களுக்குத்தான் என்ன கிடைக்கிறது? கடதாசி கையில் வந்ததும் தேடுதல் நின்றுவிடுகிறது. செய்தவன் வெளியில் இருந்தால் அவன் வெளியிலேயே இருப்பான். கோவை மட்டும் மூடப்பட்டிருக்கும்.

இன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டது. தடுப்புக் கட்டளையில் வைத்திருக்கக்கூடிய உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. தடுக்கப்பட்டவரைச் சட்டத்தரணி சந்திக்கவும், நீதவான் தடுப்பு இடத்துக்குப் போய்ப் பார்க்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. அடித்த அடையாளம் கண்டால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பவும் நீதவானால் முடியும். இவை நல்லவை. ஆனால் 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை.

சாதாரணக் குற்றம் ஒன்றுக்காகப் பிடிபட்டவருக்குப் பழைய 1895 சட்டமே பொருந்தும். களவு, அடிதடி, காட்டில் மரம் வெட்டியது போன்றவற்றில் பொலிசிடம் "நான்தான் செய்தேன்" என்று ஒப்பம் வைத்திருந்தாலும், வழக்கில் அது அவருக்கு எதிரான சான்றாகாது. இது தெரியாமல், "ஒப்பம் வைச்சாச்சுத்தானே" என்று நீதிமன்றத்தில் போய்த் தாங்களாகவே குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றுக்கொள்ள முன்னர் ஒரு சட்டத்தரணியுடன் கதையுங்கள். பணம் இல்லாவிட்டால் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வாசிக்க முடியாத கடதாசியில் ஒப்பம் கேட்டால் தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். முறைப்பாட்டுக்காரராக நீங்கள் போகும்போதும் இதையே செய்யுங்கள்; நீங்கள் சொன்னது வேறு, எழுதப்பட்டது வேறாக இருக்கலாம். கட்டாயப்படுத்தினால் "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதிவிட்டு ஒப்பம் வையுங்கள். எல்லா இடத்திலும் இது நடக்கக்கூடியதல்ல என்பது எனக்குத் தெரியும். துவக்குக்கு முன்னால் இருப்பவரிடம் இதைச் சொல்வது வேடிக்கை. ஆனால் பொலிஸ் நிலையத்துக்குத் தினமும் போய்வரும் சாதாரண அலுவல்களில் இது நடக்கும்.

பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால், பிடித்த நாளையும் நேரத்தையும் இடத்தையும், வாகன இலக்கம் கண்டிருந்தால் அதையும் உடனே எழுதிவையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் சட்டம். ஆகவே அந்த அலுவலகத்துக்கு நீங்களும் போய்க் கேட்கலாம்.

அடித்திருந்தால் அதற்கு அரசியலமைப்பில் எந்த விதிவிலக்கும் இல்லை. யுத்தம், அவசரகாலம் என்ற பேச்சு 11ஆம் உறுப்புரைக்கு எடுபடாது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதை செய்தவருக்கு 7 தொடக்கம் 10 வருடம் சிறை. ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணைக் கணக்கில் சேர்க்கப்படாது. ஆகவே ஆணைக்குழுவில் கொடுக்கும் முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை இடுவித்து வாங்குங்கள். வெளியில் வந்தவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எப்படிக் காயம் வந்தது என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். "விழுந்திட்டன்" என்று சொன்னால் துண்டிலும் அதுதான் இருக்கும். அந்தத் துண்டையும், ஆணைக்குழுவின் கடிதத்தையும், நாள் நேரம் எழுதிய கடதாசியையும் பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். இன்னொரு தரம் இடம்பெயர நேர்ந்தாலும் அந்தப் பையைத்தானே முதலில் தூக்குவீர்கள்.